எதிர் மண்டபத்துக் கெட்டிமேளம்

கல்யாண மண்டபத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பொறுமை வேண்டும், புன்சிரிப்பு வேண்டும், பக்கத்து மண்டபத்துக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது என்று உங்களுக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். முதல் இரண்டையும் நானும் சொல்வேன். மூன்றாவதைச் சொல்ல எனக்கு வாய் வராது. வேலையில் இருந்த காலம் முழுக்கப் பொறாமைப்பட்டவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துத் தூணைத் தட்டிப் பார்ப்பேன். விரிசல் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ராஜ்யமாக இருந்த காலத்தைச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் மண்டபத்தில் கல்யாணம் நடத்துவது அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு முடிப்பதுதான் வழக்கம். ஆனால் சாலை என்ற கடைத்தெருவில் வியாபாரம் செய்த நம் திருநெல்வேலிக்காரர்களுக்கும் நாஞ்சில்நாட்டுக்காரர்களுக்கும் வீடு என்பது கடைக்கு மேலே இருந்த மாடி. அங்கே பந்தலை எங்கே போடுவது? அதனால் எங்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். முன்பு நெல் கிடங்காக இருந்ததை ஒரு தமிழர் சங்கம் வாங்கி மண்டபமாக்கியிருந்தது. நான் அதற்கு மானேஜர், சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தாழ்ந்த கூரை, தடித்த தூண்கள், ஒரே ஒரு வாசல். அடுப்பு மூட்டினால் புகை முதலில் மணவறைக்குத்தான் வரும். அது ஒரு குறை என்று எதிரில் இன்னொரு மண்டபம் எழும்வரை யாரும் சொன்னதில்லை.

அதே ரோட்டில், எங்கள் வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், புது மண்டபம் வந்தது. மொசைக் தரை. கூரையில் மின்விசிறிகள். நாலு பக்கமும் ஜன்னல். பின்னால் ஒரு தென்னந்தோப்பு, அதில் சாப்பாட்டுக்கு என்று தனியாக ஓலைப் பந்தல். அதற்கு மானேஜராகத் தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லி அவருக்குப் புகழ் சேர்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. வெள்ளை வெளேரென்று ஜிப்பா, வாய் நிறைய வெற்றிலை, வருகிறவர்களை எல்லாம் பத்து வருஷம் பழகியவர்கள் மாதிரி வரவேற்கிற ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மண்டபத்தை எப்படிக் காட்டுகிறார் என்று வேவு பார்க்க ஒருநாள் போனேன். பெண் வீட்டார் கூட்டமாக உள்ளே நுழைந்தபோது நானும் கூட்டத்தோடு நுழைந்துவிட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆண்களை வாசலிலேயே பெஞ்சில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டார். பெண்களை நேரே மணவறைக்கு அழைத்துப் போனார். “மாமி, இப்படிப் பெண் உட்கார்ற இடத்துல உட்காருங்கோ. இங்கேருந்து வாசல் தெரியறதா பாருங்கோ. சம்பந்தியம்மா உள்ளே வரச்சே நீங்க அவாளைப் பார்க்கணும், அவா உங்களைப் பார்க்கணும்” என்றார். அந்த அம்மாள் கூச்சத்தோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது. மனசுக்குள் மகளுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் என்ன பேசினால் என்ன? அதுவரை நான் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணறு எத்தனை ஆழம், எத்தனை அறைகள் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே நானும் அதைச் செய்து பார்த்தேன். எங்கள் மணவறையில் உட்கார்ந்த அம்மாள், “இங்க இருந்து பாத்தா தூணுதான தெரியுது?” என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். இருந்தாலும் விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண்டபத்தை விசாரிப்பவர்கள் ஆண்கள், தேர்ந்தெடுப்பவர்கள் பெண்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொறாமைதான் சொல்லித் தந்தது.

இனி அண்ணாச்சியின் கதைக்கு வருகிறேன். சாலைக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு, ஏலம் என்று மலைச்சரக்கு வியாபாரம் செய்தவர். பூர்வீகம் திருநெல்வேலி. அவருடைய மூத்த பெண்கள் இருவர் கல்யாணமும் எங்கள் மண்டபத்தில்தான் நடந்தது. கடைசிப் பெண் கோமதிக்கு நாஞ்சில்நாட்டில் மாப்பிள்ளை அமைந்தது என்று கேள்விப்பட்டதும், அவர் வாய் திறப்பதற்கு முன்பே சித்திரையில் குறித்த முகூர்த்தத்துக்கு மண்டபத்தை மனசில் ஒதுக்கி வைத்துவிட்டேன். தூண்களுக்கு வெள்ளைகூட அடித்தேன். பிறகு யாரோ சொன்னார்கள், அண்ணாச்சி எதிர் மண்டபத்துக்கு வெற்றிலை கொடுத்து நாளை உறுதி செய்துவிட்டார் என்று.

நேராகக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி மிளகை முறத்தில் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோமதி, அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்தவள், நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, நம்ம ஹாலுல என்ன குறை கண்டீங்க?”

“குறை ஒண்ணுமில்ல வே. பிள்ளைக்குப் பிடிச்ச எடத்துல செய்வோம்னு பாத்தேன்” என்று அவர் இழுத்தார்.

கோமதிதான் பட்டென்று சொன்னாள். “மாமா, அக்கா கல்யாணத்துல உங்க ஹால்ல எனக்கு மூச்சு முட்டிச்சு. அக்கா கண்ணெல்லாம் செவந்து, படத்துல பாத்தா அழுத மாதிரியே இருக்கா. எனக்கு வெளிச்சமா ஒரு எடம் வேணும்.”

உண்மையைச் சொன்னாள். உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு உறைத்தது. திரும்பி வந்து வெள்ளையடித்த தூண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் அந்தத் தேதியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு அதே நாளைக் கேட்டு இரண்டு முறை வந்தார். பார்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அண்ணாச்சி அங்கே ஏதாவது மனத்தாங்கலாகித் திரும்பி வருவார், வந்தால் கம்பீரமாகக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, பின்தெருவில் இருந்த சின்ன அம்மன் கோயில்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். பெரிய விசேஷங்களுக்கு எங்கள் வார்ப்புகளையும் அண்டாக்களையும் இரவல் வாங்கிப் போவது அந்தப் பக்கத்தில் வழக்கம். வந்தவர்களுக்குத் தலைமை அந்தக் கோயிலின் முதலடி. கோயில் காரியங்களுக்குப் பொறுப்பானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“சண்டைக் காலத்துப் பஞ்சத்துல நின்னுபோன கொடையாக்கும். இந்த வருசம் பிரச்னம் வச்சு நோக்கினோம். அம்மைக்கு நல்ல கோவம். அதனால நடத்தியே தீரணும். வாற செவ்வா கால்நாட்டு, அதுக்கடுத்த செவ்வா கொடை. சோறு பொங்க வார்ப்பு வேணும் கேட்டியளா” என்றார் அவர்.

பிரச்னம் என்றால் சோழி உருட்டித் தெய்வத்தின் மனசைக் கேட்பது, கொடை என்றால் அம்மனுக்கு எடுக்கும் திருவிழா. அதற்கு முன்னால் பந்தக்கால் நாட்டி எல்லை கட்டுவதுதான் கால்நாட்டு. அது எங்கள் ஊரிலும் உண்டு என்பதால் கேட்டேன். “கால் நாட்டியாச்சுன்னா எல்லைக்குள்ள வேற விசேசம் கூடுமா?”

“எப்படிக் கூடும்? கொடை முடியுது வரைக்கும் எல்லைக்குள்ள அம்மைக்குள்ள மேளம் மட்டும்தான். வேற ஒரு கொட்டும் அடிக்கப்படாது. எங்க சொந்தத்துலயே ஒரு கல்யாணத்தைத் தள்ளி வச்சிருக்கோம்.”

“எல்லை எதுவரை?”

அவர் கையை நீட்டி ஒவ்வொரு திசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் மண்டபம் எல்லைக்கு வெளியே நின்றது. “மேக்க அந்தப் புது ஹாலு நிக்குல்லா, அது முந்தி அம்மைக்கப் பூந்தோட்டமாக்கும். அதும் எல்லைக்குள்ளதான்.”

“அங்க யாராவது தெரியாம மேளம் அடிச்சா?”

“அடிக்க விடுவோமா? எங்க பெண்டுகள் போய் வாசல்ல இருந்துருவாளுவ. அதுல ஒருத்திக்குச் சாமி வந்து ஆடிட்டான்னா பின்ன யாரு நிறுத்துவா?”

கோமதியின் கல்யாணம் அந்த இரண்டு செவ்வாய்க்கும் நடுவில் வியாழக்கிழமை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது ஆனந்தம். கேட்ட வார்ப்புகளைக் கொடுத்தேன், கேட்காத கரண்டிகளையும் கொடுத்தேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்பார்கள். எனக்கு மூக்குக்கூட அறுபடவில்லை. நான் சும்மா இருந்தால் போதும். கெட்டிமேளம் என்று சாஸ்திரிகள் கை காட்டுவார், மேளக்காரர் குச்சியை எடுப்பார், வாசலில் பெண்டுகள் குலவையிட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தத் தஞ்சாவூர்ச் சிரிப்பு அப்போது எங்கே போகும் என்று பார்க்கலாம். ஒரு நாள் பகல் முழுக்க இதையே நினைத்து நினைத்து ருசித்தேன்.

நான் நினைத்துப் பார்த்ததில் அவர் முகம் மட்டும்தான் இருந்தது. அதே நேரத்தில் மணவறையில் கோமதி உட்கார்ந்திருப்பாள் என்பது பிறகுதான் உறைத்தது. மேளமில்லாமல் தாலி ஏறுவது நம் ஜனங்களிடம் எங்கேயாவது உண்டா? அதிலும் அவளுக்கு வரப்போகிற மாமியாரை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மாள்தான். பல்லி சொன்னதற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாம் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர். மணவறைக்கு முன்னால் சாமி ஆடினால், அவர் மகனைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விடுவார். பிறகு அந்தப் பெண்ணுக்கு யார் வருவார்கள்? என் மண்டபத்தில் மூச்சு முட்டியது என்று சொன்ன குற்றத்துக்கு அது பெரிய தண்டனை.

முதலில் எதிர் மண்டபத்துக்குத்தான் போனேன். தொழில் முறை அதுதான். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார், கேட்டு முடித்ததும் சிரித்தார்.

“ஓய், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உம்ம கதை அடுத்தவன் கூடத்தையும் கோணல்ங்கறது. நான் வந்த நாளா இங்கே ஒரு கொடையும் நடந்து பார்த்ததில்லை. என் கிணத்துத் தண்ணி துவர்க்கறதுன்னு ஊரெல்லாம் சொன்னீர். மொசைக்ல கிழவிகள் வழுக்கி விழுவான்னு சொன்னீர். இப்போ அம்மனையே கூட்டிண்டு வந்துட்டீரா? போம் ஓய், போய் உம்ம தூணுக்கு இன்னொரு தரம் வெள்ளையடியும்.”

தண்ணீர் துவர்த்தது உண்மை. மொசைக்கில் ஒரு பாட்டி வழுக்கியதும் உண்மை. நான் இல்லாததை எதுவும் சொன்னதில்லை. சொன்னவன் நான் என்பதுதான் சிக்கல்.

அண்ணாச்சியிடம் போனேன். பேச்சைத் தொடங்கவே அவர் விடவில்லை.

“அண்ணாச்சி, அந்த ஹாலு இருக்கப்பட்ட எடம்...”

“நில்லும் வே. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லும். ஒம்ம ஹாலு அன்னைக்குச் சும்மாத்தான கெடக்கு?”

“ஆமா.”

“யாருக்கும் குடுக்கல?”

“இல்ல.”

“பின்ன என்ன வே? நீரு எதுக்கு வந்திருக்கேருன்னு கடையில எடை போடுதவனுக்குக்கூடத் தெரியும். நல்ல காரியம் நடக்கப்போற வீடு. வாயக் கட்டிக்கிட்டுப் போரும்.”

ரோட்டில் வந்து நின்றேன். அழுகை வந்த மாதிரி இருந்தது. முதலடியையே அனுப்பலாமா என்று யோசித்தேன். அவர் என்னிடம் வார்ப்பு வாங்கிப் போனது தெருவுக்கே தெரியும். நான்தான் தூண்டிவிட்டேன் என்று அண்ணாச்சி அவரையும் விரட்டுவார், அவர் கோபித்துக்கொண்டு கல்யாணத்தன்றே வந்துகொள்ளலாம் என்று போய்விடுவார். கால்நாட்டுக்கு அதிக நாள் இல்லை. அண்ணாச்சி கேட்ட கேள்வி மட்டும் காதிலேயே நின்றது. என் மண்டபம் சும்மா கிடக்கிறவரை என் வார்த்தைக்கு மதிப்பில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆதாயத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் ஆபத்தைக் காட்டுகிறவனை நானும் நம்ப மாட்டேன்.

அந்த இடத்திலிருந்து நேராகக் குமாஸ்தாவின் வீட்டுக்கு நடந்தேன். கரமனையில் ஓர் ஒட்டுக் குடித்தனம். என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

“சாரே, நீங்க நேரா வந்ததா? உள்ள வாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு இந்த முற்றம் போதும்னு இப்பதான் அம்மாவைச் சமாதானப்படுத்தினேன்.”

“முற்றம் வேண்டாம். ஹால் உங்களுக்குத்தான். இன்னைக்கே வெத்தல மாத்திருவோம்.”

அவர் உள்ளே ஓடிப்போய் அம்மாவை அழைத்துவந்தார். அந்த அம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினார். நம் தொழிலில் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் ராஜாவே வந்து கேட்டாலும் அந்த நாள் திரும்பாது. அது உங்களுக்குத் தெரியும். அண்ணாச்சி திரும்பி வருவார் என்று நான் கட்டி வைத்திருந்த கோட்டை அந்தத் தட்டோடு போயிற்று.

“ஒரு உதவி செய்யணும். இப்பவே எங்கூடச் சாலைக்கு வரணும்.”

“வரலாமே. எதுக்காக்கும்?”

“ஒண்ணும் பேசாண்டாம். பக்கத்துல நின்னாப் போதும்.”

என்னை மறுபடியும் பார்த்ததும் அண்ணாச்சி முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அவர் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“எனக்க ஹால் போயாச்சு அண்ணாச்சி. இவருக்குத் தங்கச்சி கல்யாணம். அதே நாள், அதே முகூர்த்தம். வெத்தல வாங்கியாச்சு. இனி நீங்க கெஞ்சிக் கேட்டாலும் எங்கிட்ட எடமில்ல. இப்பம் சொல்லுதேன், கேளுங்க.”

அண்ணாச்சி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா, பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பலமாகத் தலையை ஆட்டினார். அண்ணாச்சி உட்கார்ந்தார். நான் கால்நாட்டையும் எல்லையையும் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திருநெல்வேலிக்காரருக்குக் கொடையைப் பற்றி விளக்கவா வேண்டும்? கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் என்னோடு கோயிலுக்கு இறங்கினார்.

முதலடி எங்களை எல்லைநெடுக நடத்திக்கொண்டு போனார். புது மண்டபத்தின் பின்புறத்துக்கு வந்ததும், கட்டடத்துக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். “இந்தக் கல்லு வரைக்கும் அம்மைக்கு. அதுக்கு அங்கோட்டுள்ள தோப்பு வேற ஆளுக்கச் சொத்தாட்டு இருந்தது.” வேலைக்காரர்கள் துணி துவைக்கிற கல் என்று நான் நினைத்திருந்தது அது.

பேச்சுச் சத்தம் கேட்டுத் தஞ்சாவூர்க்காரர் வெளியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர், பின்னால் அண்ணாச்சி வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முதலடி அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாச்சி அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. வேற ஹாலும் இல்ல. சம்பந்தியம்மாகிட்ட நான் என்ன சொல்லுவேன்? எம்பிள்ள இந்த எடத்தத்தான கேட்டா? அவகிட்ட என்ன சொல்லுவேன்?”

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூடாது என்பதைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன், அதற்கு மேல் என் மூளை நகரவில்லை. தஞ்சாவூர்க்காரர் வெற்றிலையை மென்றபடி கல்லைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், தோப்பில் இருந்த சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்தார். துப்பிவிட்டு வந்து முதலடியிடம் கேட்டார்.

“கல்லுக்கு அந்தப் பக்கம் மேளம் வாசிச்சா அம்மன் கோவிச்சுக்க மாட்டாளே?”

“எல்லைக்கு வெளிய யாரு என்ன அடிச்சா எங்களுக்கென்ன?”

“இந்தப் பக்கம் இலை போட்டுச் சாப்பிட்டா?”

முதலடி சிரித்தார். “சோறு தின்னாண்டாம்னு எந்த அம்மை சொல்லுவா?”

“அப்போ சரி. தாலி தோப்புல, சாப்பாடு மொசைக்ல. மணவறையைப் பந்தலுக்கு மாத்திடறேன். மாப்பிள்ளை அழைப்பு தோப்புக்குப் பின்னாடி ரோடு வழியா வரட்டும். அண்ணாச்சி, குழந்தை கேட்டது வெளிச்சம்தானே? அங்கே வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்? எழுந்திருங்கோ.”

வாயிலிருந்த வெற்றிலை கரைவதற்குள் யோசித்து முடித்துவிட்டார். அந்த நாளில் எனக்கு வந்த வயிற்றெரிச்சலை எந்தக் கஷாயமும் தீர்த்திருக்காது. அந்தக் கல் எனக்கு முன்னால்தான் கிடந்தது. எல்லை எதுவரை என்று முதலில் கேட்டவனே நான்தான். எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பிகளே, ஒரு காரியம் முடங்கும்போது எது கூடாது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். எது மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறவன்தான் மானேஜர். இதை நான் மனசார ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அவரிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை.

அண்ணாச்சி எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “தெய்வம் மாதிரி வந்தீரு சாமி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “வாரும் வே, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவோம்” என்றார். அவருக்குத் தெய்வப் பட்டம், எனக்குக் காப்பி. காப்பி நன்றாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு, தென்னைக்கு நடுவில் மணவறை என்பது ஊரில் ஒரு நாகரிகமாகவே போய்விட்டது. கொடை இல்லாத மாதங்களில்கூட எங்களுக்கும் தோப்பில்தான் வேண்டும் என்று அவரிடம் போய் வரிசையாக நின்றார்கள். நான் சொன்ன எச்சரிக்கையில் முளைத்த வழக்கம் அது. எவனோ அறுவடை செய்தான்.

ஆனால் அந்த வியாழக்கிழமை காலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் மண்டபத்தில் குமாஸ்தாவின் தங்கை மணவறையில் இருந்தாள். ஒரே நாயனம், ஒரே தவில், வழக்கமான புகை. எனக்கு அட்சதை கொடுத்தார்கள். கையில் வாங்கிக்கொண்டு தூணோரம் நின்றேன். என் காது எதிர்ப்பக்கம்தான் இருந்தது. மேளக்காரர்கள் பழக்கதோஷத்தில் கட்டடத்துக்குள் நின்று ஊதித் தொலைத்தால்? பந்தலில் தாலி கட்டமாட்டோம் என்று அந்த மாமியார் கிளம்பிவிட்டிருந்தால்?

எங்கள் சாஸ்திரிகள் கை காட்டினார். கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது, மேளம் ஓய்ந்தது. எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. அதே முகூர்த்தம்தான், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் மேளம் நிற்க வேண்டும் என்று எத்தனை முறை ஆசைப்பட்டிருப்பேன்! நின்றுவிட்டது என்று நினைத்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடி, அடித்துத் தொலை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது அது கேட்டது. தடுக்கச் சுவரில்லாத தோப்பிலிருந்து இரண்டு ஜோடி நாயனமும் அதற்கேற்ற தவில்களும் ரோடு முழுவதையும் நிறைத்துக்கொண்டு வந்தன. எங்களுடையது அதற்கு முன்னால் ஒரு மேளமா? பாவிகள், எவ்வளவு நன்றாக வாசித்தார்கள்! என் வயிறு எரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகையென்று நினைத்திருப்பார்கள்.

“சாரே, அட்சதை கையிலயே இருக்கே. தங்கச்சிக்குப் போடலியா?” என்று குமாஸ்தா வந்து கேட்டார்.

போட்டேன். கையில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, மேளம் வந்த திசையைப் பார்த்துப் போட்டேன். அது கோமதிக்கு. அந்தத் தஞ்சாவூர்க்காரனுக்கு ஒரு மணிகூட இல்லை.